பிசிறில்லாத வெட்டு

மெல்லிய குழாயை அறுக்க நினைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தவறான பிளேடைத்தான் வாங்குகிறார்கள். கடையில் பெரிய பல்லாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பல் பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு நினைப்பு. மாட்டெலும்பு அறுக்க அது சரி. முட்டை ஓட்டைவிடக் கொஞ்சமே தடித்த குழாய்ச் சுவரில் பெரிய பல் என்ன செய்யும்? இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் சுவர் போய் விழும், மாட்டிக்கொள்ளும். நீங்கள் அழுத்தித் தள்ளுவீர்கள். ஒன்று பல் உடையும், இல்லை குழாய் கிழியும். கிழிந்த ஓரத்தில் பிசிறு நிற்கும்.

இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் முகம் கேட்கிறது, கேப்டன் உகா. என் கடைசித் தம்பி வயதுதான் உங்களுக்கு, அதனால் உகா என்றே கூப்பிடுகிறேன். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் அப்துவாஹித். அந்திஜானில் இரும்புக்காரர் வரிசையில், நுழைந்ததும் இடது கைப் பக்கம் என் பட்டறை. தொட்டில் சட்டம், திரைச்சீலைக் கம்பி, திராட்சைப் பந்தல், பசுமைக்குடில் வளைவு, எல்லாம் குழாய் வேலை. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசினவன் இல்லை. வரிசையில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். எல்லோருக்கும் அண்ணன் முறை நான்; வாஹித் அகா அமைதியான மனிதர் என்றுதான் சொல்வார்கள். வேறு சிலதும் சொல்வார்கள். அதற்கு வருகிறேன்.

நல்ல பிளேடு எது என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். எந்த நொடியிலும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒற்றைப் பல் கடிக்கும், பல பல் சேர்ந்தால்தான் அறுக்கும். ஆகவே குழாய் மெல்லியதாக ஆக, பல் பொடியாக இருக்க வேண்டும். சீப்பின் நுண்பல் பக்கம் போல. அப்படியும் போதவில்லையென்றால் பிளேடைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இன்னும் இரண்டு பல் வந்து சேரும். குழாய்க்குள்ளே வில்லோ மரக்குச்சி ஒன்றை இறுக்கமாகச் செருக வேண்டும். வைஸ் இடுக்கியில் நேராகக் கடிக்க வைக்காமல், குழி வெட்டிய இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். ஒரேயடியாக அந்தப் பக்கம் வரை அறுக்கக் கூடாது. கொஞ்சம் அறுத்து, குழாயைத் திருப்பி, மறுபடி வெளியிலிருந்து உள்ளே அறுக்க வேண்டும். முக்கியமாக, அழுத்தக் கூடாது. பிளேடே போகும். நாம் கூடப் போனால் போதும்.

கயிற்றுமேல் நடக்கும் ஹோஷிமை உங்களுக்குத் தெரியும். அந்திஜானில் அவரைத் தெரியாதவர் யார். அவருடைய அப்பா பாப்ளர் மரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். ஹோஷிம் நாகரிகமான ஆள், அவருக்கு அலுமினியக் குழாய் வேண்டும். பயணத்தில் வண்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் நடுவில் இணைப்புப் போட்டு இரண்டு துண்டாக வேண்டும். என்னிடம் வந்தார். அடுத்த நாளே கல்யாணம் ஒன்றில் ஆட வேண்டும் என்றார்.

அன்று என்னிடம் பொடிப்பல் பிளேடு தீர்ந்துபோயிருந்தது. ஆணியில் தொங்கிய பிளேடை எடுத்தேன். ஆங்கிள் இரும்பு அறுக்கிற பிளேடு. அது என் தவறு என்று சிலர் சொல்லக்கூடும். சரக்கு வரவழைத்து வைக்காத வியாபாரியின் தவறு என்பது என் அபிப்பிராயம். வெளி ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டேன். இணைப்புப் பக்கம் ஒரு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டேன். மேலே துணி சுற்றப் போகிறார்களே, எதற்கு என்று.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. புலாவ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோஷிம் கயிற்றின் நடுவில் நின்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம். சுற்றின துணி நகர்ந்து, பிசிறு கிழித்திருக்கிறது. மரியாதை தெரிந்த மனிதன் என்றால் என்ன செய்வான்? நடந்து முடித்து, இறங்கி வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வான். இவர் மேலே நின்றபடியே கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"ஜனங்களே, கயிறு என்னை ஒண்ணும் பண்ணலை, கம்புதான் கடிக்குது! வாஹித் அகா, எங்க இருக்கீங்க? இதுக்குச் சோறு போடாமலே அனுப்பிட்டீங்களே!"

அவ்வளவுதான். மணப்பெண் கூட முக்காட்டுக்குள் சிரித்தாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தட்டில் இருந்த புலாவ் என் குழாய்க்கு எடுத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது நான்தான். அதைப் பார்த்த சாட்சிகள் உண்டு.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்கும்போதே பக்கத்துப் பட்டறை நெமத் காத்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அகா, கசாப்புக் கடைப் பக்கம் போனேன். உங்க குழாய்க்கு ரெண்டு எலும்பு வாங்கிட்டு வந்திருக்கேன்."

மதியத்துக்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கடியன். வாஹித் அகா போய்க் கடியன் அகா ஆனேன். தொட்டில் சட்டம் வாங்க வந்த பெண்மணி, சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உஸ்தா, இது பிள்ளையைக் கடிச்சிடாதுல்ல?" என்று கேட்டாள். ரொட்டி அடுப்பில் பெண்கள் கூடும் இடத்திலும் இதே பேச்சு. என் மனைவி மஸ்தூரா ரொட்டியோடு வீட்டுக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். கண் சிரித்தது. கோபம் என்ற ஒன்றை என்னால் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அரத்தை எடுத்து, விற்கவேண்டிய குழாய்களின் ஓரங்களை எல்லாம் உள்ளும் புறமும் தேய்க்க ஆரம்பித்தேன். வரிசையில் பிசிறில்லாத குழாய் என்றால் என்னுடையதுதான் என்றாயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு பிசிறைப் பார்ப்பவன் ஆயிரம் நல்ல வெட்டைப் பார்ப்பதில்லை.

குளிர்காலம் முடிகிற சமயம் ஹோஷிம் பட்டறைக்கு வந்தார். சூடான சம்சா ஒரு பை நிறைய.

"அகா, மேல நிக்கறப்போ வாய் தானாப் பேசும். கூட்டத்தைச் சிரிக்க வைக்கலைன்னா எனக்கு யார் சோறு போடுவா? மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்க என்ன இருக்கு?" என்றேன். "சம்சா நல்லாருக்கு. வெங்காயம் கொஞ்சம் கம்மி."

"நவ்ரூஸ் பண்டிகைக்கு இன்னொரு கம்பு வேணும், அகா. பழசைவிட மெல்லிசா, லேசா. நெமத் புதுசா மின்சார வட்டு அறுப்பான் வாங்கியிருக்கான், அவன்கிட்டக் குடுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் முடியாதுன்னுட்டேன். உங்களுக்குத்தான் குடுப்பேன்."

பெருந்தன்மை. நான் நன்றி சொன்னேன்.

இந்த முறை பிளேடுக்காக நானே கிளம்பினேன். நமங்கானில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கிழவர் இருக்கிறார். அவரிடம் இருந்த பிளேடுகளை ஒவ்வொன்றாக நகத்தால் வருடிப் பார்த்தேன். அலைபோல் நெளியும் பல்வரிசை, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பல். நகத்தில் பட்டால் பல் என்று தோன்றக் கூடாது, சொரசொரப்பு என்றுதான் தோன்ற வேண்டும். "என்ன அறுக்கப் போறீங்க, மோதிரமா?" என்றார் கிழவர். கிட்டத்தட்ட, என்றேன்.

அளவு கொடுக்க ஹோஷிம் வரவில்லை. அவருடைய மகள் துர்தானா வந்தாள். கம்பு அவளுக்குத்தான். பள்ளிப்படிப்பு முடிக்கிற வயது. நவ்ரூஸன்று முதல் முறையாகப் பெரிய கயிற்றில் ஏறப் போகிறாள். அப்பாவின் கம்பு அவளுக்குக் கனம், அதனால்தான் மெல்லிய குழாய். இதை ஹோஷிம் சம்சா கொண்டுவந்த அன்றே சொல்லியிருந்தார். நான் உங்களிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

அவள் உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டேன். பிடி எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்க்க. கை சின்னது, ஆனால் காய்த்துப்போயிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, பெரியப்பாவை அழைப்பதுபோல் என்னை அழைத்தாள்.

"அமகி, அப்பா அன்னிக்குப் பேசினது தப்பு. வீட்ல நான் சண்டை போட்டேன். அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அதுவரை என்னிடம் தானாக, முறையாக மன்னிப்புக் கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். அதை நான் மறக்கவில்லை. பிடியைச் சுற்ற இருப்பதிலேயே மிருதுவான ஆட்டுத்தோலை எடுத்தேன்.

கம்பை முடித்தேன். இரு முனைகளும் கண்ணாடி ஓரம் போல். பிறகு பிடித்தோல் மூடப்போகிற இடத்தில், உள்ளிணைப்பு முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால், இன்னொரு வெட்டுப் போட்டேன். குழாயைச் சுற்றி, மேல்பக்கம் கொஞ்சம் மட்டும் விட்டுவிட்டு. சோப்பைத் தடவி, பிளேடைச் சாய்த்து, அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி. உள்ளே இருந்த குச்சியை உருவி எடுத்தபோது வெட்டு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் ஒரு கோடு. விரலால் வருடினேன். பிசிறில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட வெட்டுகளில் அதுதான் சிறந்தது, பார்க்கத்தான் யாரும் இல்லை. தோலைச் சுற்றி மூடும்போது மனது கொஞ்சம் சங்கடப்பட்டது உண்மை.

நிதானமாக நடந்தால் அந்த வெட்டு தாங்கும். கம்பு வளைந்து துள்ளினால்தான் விடும். அவள் நடையை ஊர் பார்க்கட்டும் என்றுதான் அப்படி அளந்து விட்டேன். முதல் அடியிலேயே முடிவது நன்றாக இருக்காது. நான் கொடுமைக்காரன் இல்லை.

ஹோஷிமுக்கே ஒரு கம்பு அப்படிச் செய்து கொடுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஹோஷிம் பிறந்தது முதல் கயிற்றில் இருக்கிறவர். கம்பு போனால் கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார். தொங்கிக்கொண்டே அதற்கும் ஒரு வேடிக்கை சொல்வார். ஊர் அதற்கும் சிரிக்கும். மேலே நிற்கிறவனுக்கு எப்போதும் சிரிப்புத்தான் வரும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

நவ்ரூஸன்று காலையில் கம்பை மைதானத்துக்கு நெமத்தின் வேன்தான் கொண்டுபோனது. அவன் தாயத்துக் கட்டுவதுபோல் அதைப் பழைய மெத்தையில் சுற்றி எடுத்துப்போனான். எங்கும் முளைக்கோதுமைச் சுமலக் கொதிக்கும் வாசனை. பெண்கள் அண்டாவைச் சுற்றி நின்று பாடிக்கொண்டே கிண்டினார்கள். நீண்ட எக்காளங்கள் ஊதின. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

துர்தானா ஏணியில் கால் வைப்பதற்கு முன் ஹோஷிம் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஜனங்களே, என் பொண்ணு கையில இருக்கறது வாஹித் அகா செஞ்ச கம்பு. அன்னிக்குக் கல்யாணத்துல நான் நாக்கு நீளமாப் பேசிட்டேன். கம்பு கடிக்கலை, நான்தான் கடிச்சேன். எல்லார் முன்னாலயும் பேசினேன், எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அகா, எழுந்து நில்லுங்க, ஊர் பார்க்கட்டும்."

எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன். நெமத் கூட விசிலடித்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நானும் அதை யோசித்தேன். அவள் ஏணியில் பாதி தூரம் ஏறும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது? அத்தனை பேர் கை தட்டும்போது, என் குழாயில் குறை இருக்கிறது என்று நானே என் வாயால் சொல்வதா?

நன்றாக நடந்தாள். அப்பாவைவிட நன்றாக என்றுகூடச் சொல்வேன். நடுவில் உட்கார்ந்து எழுந்தாள். கூட்டம் சத்தம் போட்டது. பிறகு ஒரு சின்னத் துள்ளல். கம்பின் இரு முனையும் மேலே போய்க் கீழே வந்தன. ஒரு பாதி அவள் கையில் இருந்தது. மற்றப் பாதி தனியாகப் போயிற்று. சத்தமே இல்லை, உகா. பெரிய பல் போட்டு அறுத்திருந்தால் கிழியும் சத்தம் கேட்டிருக்கும்.

ஹோஷிம் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். தலையை மேலே வைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கால் தடுக்கும். தடுக்கியது. அவர் முழங்காலில் இருந்தபோது அவள் அவருக்கு முன்னால் விழுந்தாள். அன்று அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. வாய் திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தாஷ்கந்திலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். குழாயின் ஒரு பகுதி தானாகக் கிழிந்தது, மிச்சம் அறுக்கப்பட்டது, அறுத்தவன் தேர்ந்த கை என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், கண் இருக்கிறது. நீங்கள் இரும்புக்காரர் வரிசைக்கு வந்து விசாரித்தீர்கள். இவ்வளவு சுத்தமாக அறுக்கிறவன் யார் என்று கேட்டீர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் நெமத் பெயரைச் சொன்னார்கள். அவனிடம்தானே இயந்திரம் இருக்கிறது. கம்பும் அவன் வேனில்தானே வந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவன் மனைவி பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

நான் உங்களைத் தேடி வந்து, கம்பு செய்தது நான்தானே, என்னை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டேன். அப்போது நீங்கள் என் தோளில் கை வைத்து, ஆறுதலாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"அகா, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காம வீட்டுக்குப் போங்க. உங்க மேல யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வெட்டைப் பார்த்தேன், உங்களால அவ்வளவு சுத்தமா அறுக்க முடியாது."

வீட்டுக்குப் போனேன். மூன்று வாய் சாப்பிட முடியவில்லை. ஒரு நிரபராதி சிறையில் இருப்பது என் மனசாட்சியை அரித்தது. நெமத்தின் இயந்திரம் எதை அறுக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அது அறுக்காது, எரிக்கும். அலுமினியத்தில் வைத்தால் வட்டு அடைத்துக்கொள்ளும், ஓரம் உருகிச் சுருண்டு நிற்கும். அவன் அறுத்த குழாயை நாய்கூட முகராது. அந்தக் கையையா என் வெட்டுக்குச் சொந்தம் என்று எழுதி வைப்பது? நாளை வழக்கு முடிந்து, அந்தக் கம்பு சாட்சிப் பொருளாக அலமாரியில் இருக்கும். சீட்டில் நெமத் என்று இருக்கும். அநியாயத்துக்கு ஒரு எல்லை உண்டு.

அதனால்தான் நேற்று வந்து ஒப்புக்கொண்டேன். நீங்கள் நம்பவில்லை. கிழவன் உளறுகிறான், பக்கத்துப் பட்டறைக்காரனைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றீர்கள். இந்த அறையில் உடைந்து கிடந்த மடக்கு நாற்காலியின் காலை நான்தான் அறுத்துக் காட்டினேன், பையில் கொண்டுவந்த அதே பிளேடால். உங்கள் ஆட்கள் அந்தத் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றி வருடிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. இரும்புக்காரர் வரிசையில் யாரும் என் வேலைக்கு அப்படி ஒரு மௌனத்தைக் கொடுத்ததில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். துர்தானாவின் கம்பை நான் அறுத்தேன். தெரிந்தே அறுத்தேன். அவள்தான் ஏறப்போகிறாள் என்று தெரிந்து, அவள் கை அளவை எடுத்துவிட்டு அறுத்தேன். யாரும் உதவவில்லை. நெமத்துக்கு இதில் பங்கில்லை, அதை இரண்டு முறை எழுதுங்கள்.

மஸ்தூரா அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது பெட்டி, மெத்தை எல்லாம் எடுத்துப் போனாளாம். ஒரு மாறுதலுக்காக இருக்கும்.

பெண் பிழைத்துக்கொண்டாள் என்பதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் இருக்க முடியாது. இடுப்பும் வலது காலும்தான் போயிற்று. ஊன்றுகோல் வைத்து நடப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஊன்றுகோலை நான் பார்த்திருக்கிறேன். கனத்த குழாய், கண்டபடி அறுத்தது. அதனால்தான் நேற்று மாலை உங்களிடம் சொல்லி அனுப்பினேன். சிறைப் பட்டறையில் எனக்கு இடம் கொடுத்தால், அவளுக்கு லேசான ஊன்றுகோல் ஒரு ஜோடி நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம் என்று. ஹோஷிம் கேட்டுவிட்டு எழுந்து சுவர் பக்கம் திரும்பி நின்றாராம்.

நடந்தது நடந்துவிட்டது. அதையே இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.